ஸ்பாஞ்ச் ஹோல்டர் ஏந்தப் போகிறவர்களுக்கு

ஆபரேஷன் தியேட்டரில் போஸ்டிங் விழுந்ததும் புதுப் பிள்ளைகள் பயந்து பயந்து மனப்பாடம் செய்வது பெரிய கருவிகளின் பெயர்களைத்தான். ஸ்பாஞ்ச் ஹோல்டரை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. "அதுதானே, பஞ்சு பிடிக்கிற கிடுக்கி" என்று தள்ளிவிடுவார்கள். தியேட்டரிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவள் நான். எந்தக் கருவியைப் பற்றியாவது நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால் இதைத்தான் எடுப்பேன். ரத்தம் துடைக்கும் துணி உடம்புக்குள் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. அந்த வேலை தவறினால் என்ன ஆகும் என்பது கீழே வரும். நர்சுகளுக்காக எழுதினாலும், டெக்னீஷியன்களும் ஹவுஸ் சர்ஜன்களும் படித்தால் நஷ்டமில்லை.

1. முதலில் கருவியைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம். ஒரு முனையில் விரல் நுழைய இரண்டு வளையம், அதற்குச் சற்று மேலே லாக். மறுமுனையில் இரண்டு நீள்வட்ட வாய். நடுவில் ஓட்டை, உட்புறம் குறுக்குக் கோடுகள். ஓட்டை அழகுக்காக வைத்ததில்லை. வாயை மூடும்போது துணி அந்த ஓட்டைக்குள் பிதுங்கி நிற்கும், அதனால் வழுக்காது. பித்தப்பையின் நுனி மாதிரி மெத்தென்ற சதையைப் பிடிக்கும்போதும் அந்த இடைவெளி இருப்பதால் சதை முழுதாக நசுங்காது. கேட்டலாக்கில் ராம்ப்ளி என்றும் ஃபோர்ஸ்டர் என்றும் இரண்டு பெயர்கள் வரும். வேலை ஒன்றுதான்.

செட் கட்டும்போதே சோதித்து விடுங்கள். முதல் பல்லில் பூட்டி, லாக் உள்ள பக்கத்தை மேஜை விளிம்பில் லேசாகத் தட்டுங்கள். துள்ளித் திறந்துகொண்டால் அது தியேட்டருக்கு ஆகாது. பிறகு ஒற்றை மடிப்புக் காஸை வாயில் கொடுத்து, கடைசிப் பல் வரை பூட்டி இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் அதையும் ஒதுக்கி, கண்டம் லிஸ்டில் எழுதி ஸ்டோருக்கு அனுப்புங்கள். "இண்டென்ட் போட்டால் ஆறு மாதம் ஆகும், இருப்பதை வைத்துச் சமாளிப்போம்" என்று சொல்வதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருவர் இருப்பார். அவர் டேபிளில் நிற்கப் போவதில்லை, நீங்கள் நிற்கப் போகிறீர்கள்.

2. ஓவம் ஃபோர்செப்ஸையும் இதையும் குழப்பாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஓவம் ஃபோர்செப்ஸில் லாக் கிடையாது. கர்ப்பப்பைக்குள் விடுகிற கருவி அது. சுவரைக் கவ்விப் பூட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே லாக் வைக்கவில்லை. பரீட்சையில் வைவா கேள்வியாக வருவதால் இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நள்ளிரவு சிசேரியனில் அவசரமாக டிரேயிலிருந்து எடுத்துக் காஸை மாட்டும்போது மறந்து போகும். லாக் இல்லாத கருவியில் மாட்டிய காஸ், விரல் தளர்ந்த நொடியில் உள்ளே விழுந்துவிடும். மாட்டியதும் "க்ளிக்" சத்தம் கேட்டதா என்று கவனிக்கப் பழகுங்கள்.

3. காஸ் மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. சதுரக் காஸை எடுத்து, வெட்டுவிளிம்பு நாலும் உள்ளே போகும்படி மடியுங்கள். வெட்டுவிளிம்பு வெளியே இருந்தால் நூல் உதிரும். உதிர்ந்த நூல் காயத்தில் தங்கும். மடித்ததை நீளவாக்கில் சுருட்டிக்கொண்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து வாயில் கொடுங்கள். மடிப்பின் உருண்டை முகம் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இரும்பு நுனி எந்தப் பக்கமும் துணிக்கு வெளியே தெரியக் கூடாது. அது குடலில் இடித்தால் காயம். பூட்டிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ட்ராலியில் வைக்க வேண்டும். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இருபது பேர் மாட்டினால் இருபது விதமாக இருக்கிறது!

இடையில் ஒரு விஷயம். ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் விசைத்தறியில் நெய்கிற பேண்டேஜ் துணியும் காஸும் நாட்டின் பல மூலைகளுக்குப் போகின்றன. பல அரசு ஆஸ்பத்திரிகளில் இப்போதும் காஸைத் தானாக வாங்கி, மத்தியானம் கேஸ் ஓய்ந்த பிறகு உட்கார்ந்து வெட்டி, மடித்து, ட்ரம்மில் அடுக்கி ஆட்டோகிளேவுக்கு அனுப்புகிறோம். கதை பேசிக்கொண்டே செய்கிற வேலைதான். செய்யுங்கள். ஆனால் கட்டு கட்டும்போது மட்டும் பேச்சை நிறுத்துங்கள். ஒரு கட்டில் 5 என்றால் 5. இங்கே 6 ஆனால் நாளைக்கு டேபிளில் யாரோ ஒருவர் வேர்த்துப் போவார்.

4. பெயின்ட் பண்ணுவது இந்தக் கருவியின் முதல் வேலை. கீறப் போகும் இடத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ஓரத்தைத் தொட்ட காஸ் திரும்ப நடுவுக்கு வரக் கூடாது. கீழே போட்டுவிட்டு வேறு எடுங்கள். தொப்புளுக்குத் தனிக் காஸ். இடுக்குகள், பிறப்புறுப்பு, ஆறாத புண், ஸ்டோமா எல்லாம் கடைசியில். சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். பிழிந்த காஸ் போதும். வழிந்தோடிய மருந்து முதுகுக்கடியில் தேங்கி, இரண்டு மணி நேரம் ஊறினால் தோல் வெந்துபோகும். ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடின் என்றால் இன்னும் கவனம். குறைந்தது 3 நிமிடம் தானாகக் காய வேண்டும், முடி உள்ள இடத்தில் அதற்கும் மேல். காயுமுன் ட்ரேப் மூடிக் காட்டரி வைத்தால் தீப்பிடிக்கும். டேபிளில் நோயாளி எரிந்த சம்பவங்கள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன. சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தால் நீங்களும் கடிகாரத்தைப் பாருங்கள்.

பெயின்ட் பண்ணிய ஹோல்டர் திரும்ப உங்கள் ட்ராலிக்கு வராது. தோலைத் தொட்டுவிட்டது, அது தனி. அதே சமயம் அந்தக் காஸும் ஹோல்டரும் தியேட்டரை விட்டு வெளியேயும் போகக் கூடாது. கேஸ் முடிந்து கணக்கு சரியாகும் வரை ஒரு துண்டுத் துணிகூட, ஒரு குப்பைப் பைகூட அந்த அறையின் கதவைத் தாண்டக் கூடாது. துப்புரவுப் பணியாளர் அக்காவிடம் இதை அதட்டலாகச் சொல்லாமல் காரணத்தோடு சொல்லி வையுங்கள். காரணம் தெரிந்தால் உங்களைவிடக் கறாராக இருப்பார்.

5. கொடுக்கும்போது சர்ஜன் தலையை நிமிர்த்த வேண்டியிருக்கக் கூடாது. நடுத்தண்டைப் பிடித்து, வளையம் அவர் உள்ளங்கையில் பதியும்படி, அழுத்தமாகக் கொடுங்கள். ஈரமா, உலர்ந்ததா என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடலைத் தொடுவதற்கு வெதுவெதுப்பான சலைனில் நனைத்துப் பிழிந்தது. ரத்தம் ஒற்றுவதற்கு உலர்ந்தது. அசிஸ்ட் பண்ணுகிற ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு வார்த்தை: தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். அழுத்திப் பிடித்து நேராக எடுக்க வேண்டும். தரை துடைப்பது போலத் தேய்த்தால் அப்போதுதான் உறைந்த ரத்தக்கட்டு பிய்ந்து மறுபடி கசியும்.

6. இனி சொல்லப் போவதை மற்றதையெல்லாம் மறந்தாலும் மறக்க வேண்டாம். வயிறு திறந்த பிறகு உள்ளே தனிக் காஸ் போகக் கூடாது.

வயிற்றுத் தோலைக் கீறும் வரை சின்னக் காஸைக் கையால் பயன்படுத்தலாம். பெரிட்டோனியம் திறந்ததும் டேபிளில் மிதக்கும் சின்னக் காஸ் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு உள்ளே போவது இரண்டே விதம்: ஸ்பாஞ்ச் ஹோல்டரில் பூட்டிய காஸ், அல்லது வால் உள்ள பெரிய மாப். மாப்பின் வால் எப்போதும் வெளியே இருக்க வேண்டும், அதில் ஓர் ஆர்ட்டரி தொங்க வேண்டும். ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் காஸை ரத்தத்தில் முக்கி எடுத்துப் பாருங்கள். சுருங்கி, செக்கச்செவேலென்று, சதையின் நிறத்திலேயே, குடல் மடிப்புக்குள் வைத்தால் குடலாகவே தெரியும். பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்த நொடியில் போய்விடும். புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

ஹோல்டரில் கொடுத்தது ஹோல்டரிலேயே திரும்பி வர வேண்டும். காஸ் இல்லாமல் வெறும் ஹோல்டர் வந்தால், அடுத்த கருவியைக் கொடுப்பதற்கு முன் "சார், காஸ் எங்கே?" என்று கேளுங்கள். கேட்டே ஆக வேண்டும். பீநட் எனப்படும் கடலை அளவு உருண்டைக்கும் இதே சட்டம். ஆர்ட்டரியில் பூட்டி ஒன்று கொடு, அது திரும்பி வந்தபின் அடுத்தது. மாப்பையோ காஸையோ பாதியாக வெட்டிக் கேட்கும் சர்ஜன்கள் உண்டு. வெட்டாதீர்கள். சின்னதாக வேண்டுமென்றால் சின்னது கட்டிலேயே இருக்கிறது.

7. எண்ணுவது. கீறுவதற்கு முன், கர்ப்பப்பை மாதிரி உள்ளறை உள்ள உறுப்பைத் தைத்து மூடுவதற்கு முன், வயிற்றை மூடத் தொடங்கும்போது, கடைசியில் தோல் தைக்கும்போது. இடையில் ஆள் மாறினால் அப்போதும். ஸ்க்ரப் நர்சும் ஃப்ளோர் நர்சும் சேர்ந்து, வாய்விட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி எண்ண வேண்டும். கட்டைத் தூக்கிக் காட்டி "அஞ்சு" என்று சொல்வதை எண்ணியதாக எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணும்போதே எக்ஸ்-ரேயில் தெரியும் நூல் உள்ளதா, மாப்பில் வால் உறுதியாகத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். கீறுவதற்கு முன் எண்ணும்போது ஒரு கட்டில் நாலோ ஆறோ இருந்தால், "ஒன்று கூட, பரவாயில்லை" என்று போர்டில் திருத்தி எழுதாதீர்கள். அந்தக் கட்டையே முழுதாக வெளியே அனுப்பிவிடுங்கள். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் நிமிராதீர்கள். நடுவில் தடைபட்டால் முதலிலிருந்து.

எண்ணுவதைப் பற்றி ஒரு கசப்பான உண்மை. அதுல் கவாண்டேயும் கூட்டாளிகளும் 2003-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடம்புக்குள் பொருள் தங்கிப்போன 54 நோயாளிகளின் கேஸ்களை எடுத்துப் பார்த்தார்கள். தங்கியவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காஸ், மாப் வகைதான். எண்ணிக்கை எடுத்த கேஸ்களில் 88 சதவீதத்தில் "கணக்கு சரி" என்றே நம்பி மூடியிருக்கிறார்கள். அதாவது எண்ணாமல் போனதைவிட, தப்பாக எண்ணிவிட்டுச் சரி என்று நம்பியதுதான் அதிகம். அவசர ஆபரேஷனில் இந்த ஆபத்து ஏறக்குறைய 9 மடங்கு, ஆபரேஷனின் நடுவில் திட்டம் மாறினால் 4 மடங்கு, உடல் பருமன் உள்ளவர்களுக்கும் கூடுதல் என்று கண்டார்கள். எனவே எந்தக் கேஸில் எண்ண நேரமில்லை என்று தோன்றுகிறதோ அந்தக் கேஸில்தான் இரண்டு தடவை எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த பாதுகாப்புப் பட்டியலில், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் கருவி, காஸ், ஊசி எண்ணிக்கையை நர்ஸ் வாய்விட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று இருப்பது இதற்காகத்தான். அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கும் பேனா, எண்ணிய பிறகே திறக்கட்டும்.

8. குறைந்தால் என்ன செய்வது? முதலில் சொல்லுங்கள். முணுமுணுக்காதீர்கள். "சார், ஒரு மாப் குறையுது, மூடாதீங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். பிறகுதான் தேட வேண்டும். பல பிள்ளைகள் பயத்தில் தாங்களே ரகசியமாகத் தேடிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் சர்ஜன் பாதி தைத்து முடித்திருப்பார்.

தேடும் வரிசை: பக்கெட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள், ஒன்றுக்குள் ஒன்று ஒட்டியிருக்கும். பிறகு தரை, சர்ஜன்களின் செருப்பு அடி, ட்ரேப் மடிப்பு, நோயாளிக்கு அடியில், சிசேரியன் என்றால் நஞ்சுக்கொடி வைத்த பேசின். அதே நேரத்தில் சர்ஜன் வயிற்றின் நாலு பக்கமும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவை ஒரு மாப்புக்காக முக்கால் மணி நேரம் தேடினோம். அனஸ்தடிஸ்ட் பொறுமை இழந்து, சீனியர் சர்ஜன் "என் கேஸில் இப்படி நடந்ததே இல்லை" என்று கத்தி முடித்த பிறகு, குழந்தையைச் சுற்றிக் கொண்டுபோன துணியோடு அது வார்டுக்குப் போய்விட்டது தெரிந்தது. அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள். முறைத்தால் முறைக்கட்டும். துணி வார்டில் இருந்தது என்று தெரிந்த பிறகுதான் அந்தத் தாயின் வயிற்றை மூடினோம்.

கிடைக்காவிட்டால் டேபிளிலேயே எக்ஸ்-ரே. ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பேரியம் சல்ஃபேட் சேர்த்த நூல் துணியில் இருந்தால்தான் எக்ஸ்-ரேயில் தெரியும். நாம் தானில் வெட்டி மடித்த சாதாக் காஸ் தெரியாது. "எக்ஸ்-ரே க்ளியர்" என்று சொன்னால் எந்தக் காஸைத் தேடினோம் என்று கேளுங்கள். சாதாக் காஸ் கட்டுத் துணியாக இருக்கட்டும், டிரெஸ்ஸிங்குக்கு ஆகட்டும். வயிற்றுக் கேஸின் ட்ராலிக்கு வேண்டாம்.

9. லேபர் வார்டில் இருப்பவர்கள் இது தியேட்டர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். எபிசியோட்டமி தைக்கும்போது ரத்தம் மறைக்கிறதென்று மேலே ஒரு காஸைத் திணித்துவிட்டு மறப்பது அடிக்கடி நடக்கிறது. அந்தப் பெண் பத்து நாள் கழித்து நாற்றத்தோடும் காய்ச்சலோடும் வருவாள். அங்கேயும் வால் உள்ளதுதான், அங்கேயும் எண்ணிக்கைதான். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பை நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்றால் கர்ப்பப்பை வாய் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கும் ஸ்பாஞ்ச் ஹோல்டர்தான் வேண்டும். ஒன்றால் உதட்டைப் பிடித்து, பக்கத்தில் அடுத்ததைப் போட்டு, முதலாவதை எடுத்து அதற்கும் அடுத்த இடத்தில் வைத்து, கடிகார முள் சுற்றுவது போல முழு வட்டமும் பார்க்க வேண்டும். வல்செல்லம் போட்டால் பிரசவித்த மெல்லிய உதடு கிழியும். ஆகவே பிரசவ டிரேயில் இரண்டு மூன்று ஹோல்டர் தயாராக இருக்கட்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு "ஸ்டெரைல் பண்ணிட்டு வரோம் மேடம்" என்று ஓடும் நேரமில்லை அது.

10. வேண்டுமென்றே உள்ளே வைத்த மாப்பைத் தனியாக எழுதுங்கள். கல்லீரல் சிதைந்து வந்த விபத்துக் கேஸில் ரத்தத்தை நிறுத்த மாப்களை அடைத்து வயிற்றை மூடி ஐசியுவுக்கு அனுப்புவார்கள். எத்தனை வைத்தார்கள் என்பது கேஸ் ஷீட்டில் எண்ணாகவும் எழுத்தாகவும் இருக்க வேண்டும், ஐசியு நர்சிடம் வாயாலும் சொல்ல வேண்டும். மறுபடி திறக்கும்போது நீங்கள் டியூட்டியில் இருக்க மாட்டீர்கள்.

11. கழுவுவது. சலைனில் ஊறப் போடாதீர்கள், உப்பு எஃகைப் பொத்தல் போடும். ரத்தம் காயும் முன் தண்ணீரில் அலசி, என்சைம் கரைசலில் போட்டு, மூட்டையும் குறுக்குக் கோடுகளையும் மெல்லிய பிரஷால் தேயுங்கள். லாக்கைத் திறந்து வைத்து ஆட்டோகிளேவில் வையுங்கள். பூட்டி வைத்தால் நீராவி வாய்க்குள் போகாது, சூட்டில் விரியும் எஃகு மூட்டில் கீறல் விடும். மூட்டு இறுகினால் தையல் மிஷின் எண்ணெய் போடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. எண்ணெய்ப் படலத்தை நீராவி ஊடுருவாது. கருவிகளுக்கென்றே உள்ள, தண்ணீரில் கரையும் திரவம் வாங்கித்தரச் சொல்லுங்கள்.

12. ரெஜிஸ்டர். 1963 ஜூலையில் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்த பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. வயிறு வீங்கி, காய்ச்சல் கண்டு, சில நாளில் மறுபடி திறந்தபோது உள்ளே ஒரு மாப் இருந்தது. அந்த மாதமே அவர் இறந்துபோனார். கணவர் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது 1996-இல். மாப் உள்ளே இருந்ததே அலட்சியத்துக்குச் சான்று. எந்த டாக்டரின் தவறு என்று தனியே நிரூபிக்கத் தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 33 வருடம். இன்றைக்கும் இந்த வகை வழக்குகளில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

ஆகவே கவுன்ட் ஷீட்டை டீ குடிக்கும்போது மொத்தமாகப் பூர்த்தி செய்யாதீர்கள். எண்ணிய இரண்டு பேரின் பெயரும் எண்ணிய நேரத்தில் எழுதப்பட வேண்டும். இன்னொருவர் எண்ணியதற்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம், சீனியர் சொன்னாலும் வேண்டாம். உயிர் போகிற அவசரத்தில் எண்ணவே முடியாமல் போகும் கேஸ்களும் வரும். அப்போது "எண்ணவில்லை" என்று எழுதுங்கள், காரணத்தை எழுதுங்கள், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லி அதையும் எழுதுங்கள்.